தாவணியில் படாத எண்ணெய்

விளக்கெண்ணெய் கருகும் வாசனை மூக்கில் பட்டால் என் வயதுக்காரர்கள் பலருக்குச் சிறுவயதில் மூக்கைப் பிடித்து ஊற்றிய பேதி மருந்து ஞாபகம் வரும். எனக்கு வருவதோ வயிற்றெரிச்சல், அதுவும் அந்த வாசனையோடு கலந்து, இனிப்பும் காரமுமாக நீலப் புகை ஒன்று காபிக்கொட்டை காயவைக்கும் களத்தின் மேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கோடைகாலத்து வயிற்றெரிச்சல்.

எழுபதுகளில், ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகிற வழியில் இருந்த ஒரு எஸ்டேட்டில் அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் சேலத்தில் கல்லூரியில் படித்தான். அங்கே விமானப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, மரச்சில்லும் காகிதமும் ஒட்டிச் சின்னச் சின்ன விமானங்கள் செய்யக் கற்றுக்கொண்டிருந்தான். பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்றுப் போகும்போது, தன்னிடமிருந்த எலுமிச்சம்பழம் அளவு எஞ்சின் ஒன்றை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்படி ஒன்றை அந்தக் காலத்தில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அண்ணன் அதை வேட்டித் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மலைப்பாதையின் இருபது வளைவுகளும் ஏறி வந்ததாக அம்மா சொல்வாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் எனக்குப் பின்னால் குழந்தை பிறக்கவில்லையே என்றிருந்த கவலை அன்றோடு தீர்ந்தது. கடைக்குட்டி இடத்துக்கு அது வந்துவிட்டது.

அந்த எஞ்சின் பெட்ரோல் குடிக்காது. சேலத்திலிருந்து தகர டப்பாவில் வரும் மெத்தனால் என்ற எரிசாராயமும், அதோடு நாலில் ஒரு பங்கு விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்க வேண்டும். முதலில் கடையில் வாங்கிய எண்ணெயைக் கலந்து பார்த்தான். வேறு எண்ணெய் கலந்த சரக்கு போலிருக்கிறது, எவ்வளவு குலுக்கியும் சேராமல் பாட்டிலின் அடியில் தனியாக ஒதுங்கி நின்றது. அப்புறம்தான் அம்மாவின் எண்ணெய்க்கு வந்தான். அம்மா "கொட்டமுத்தை", அதாவது ஆமணக்கு விதையை, வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை வழித்து, சடசடப்பு அடங்குகிற வரை மறுபடி காய்ச்சி எடுப்பாள். அது மெத்தனாலில் விழுந்து இரண்டு குலுக்கலில் கண்ணாடியாகக் கரைந்தது. அன்றிலிருந்து என் தலைக்கு விரல்நுனியில் தொட்டு வைத்த எண்ணெய், அந்த எஞ்சினுக்கு டம்ளர் டம்ளராகப் போயிற்று. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அம்மா, "உந்தலை ஒண்ணும் பறக்கப் போறதில்ல சாமி" என்று சிரிப்பாள்.

ஆனாலும் அந்த எஞ்சினோடு நான் சமாதானமாகிவிட்டேன், ஏனென்றால் விமானத்தைப் பிடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. மாசி கழிந்து காபிக்கொட்டையெல்லாம் மூட்டையாகிக் கீழே போனதும், சிமெண்டுக் களம் காலியாகக் கிடக்கும். அண்ணன் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் களத்தின் ஓரம்வரை ஓடி விமானத்தின் இறக்கையில் முடியும். அந்த ஓரத்தில் மண்டியிட்டு, அலறுகிற எஞ்சினோடு துள்ளுகிற விமானத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, அவன் தலையசைத்ததும் விடவேண்டும். விட்டால் அது அவனைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். பிடித்திருக்கும் நேரம் முழுக்கப் புகைக்குழாயிலிருந்து எண்ணெய் சாரலாக அடிக்கும். கை, கழுத்து, கவுன் எல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். இரண்டு கோடையில் என்னிடமிருந்த கவுன்கள் அத்தனையும் கறைபட்டன. அம்மா சீயக்காய், சோடா என்று எதையெதையோ போட்டுத் தோற்றுப்போய் என்னைத் திட்டுவாள். அண்ணனோ என் கையில் படிந்த எண்ணெயை விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்ப்பான். "இப்படித் தெளிவா வெளிய வந்துட்டிருந்தா உள்ள நல்லாருக்குன்னு அர்த்தம் கண்ணு. கறுத்தா சூடாவுது. எண்ணெ கொறைஞ்சா செத்துப்போயிரும்" என்பான். பன்னிரண்டு வயதிலேயே எனக்கு அது மனப்பாடம். என் கவுனைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் அவனுக்கோ எனக்கோ ஒருநாளும் வந்ததில்லை. களத்தைச் சுற்றித் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்கும்போது, எண்ணெய் வழிய நான் நடந்து போகிற நடையை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது கோடையில் ரைட்டர் மகள் வசந்தி பத்தாவது முடித்துவிட்டு வீட்டோடு இருந்தாள். ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்ப்பவர். எங்கள் வீட்டைவிட ஒரு படி உயரத்தில் ஓட்டு வீடு. அவள் ஒருநாள் தம்பியைத் தேடுவதுபோலக் களத்துக்கு வந்தாள். அடுத்த ஞாயிறு யாரையும் தேடாமலே வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு அண்ணன் என்னிடம், எஞ்சின் இழுப்பு அதிகமாக இருக்கிறது, உன் கை சின்னக் கை, கொஞ்சம் உயரமானவர்கள் பிடித்தால் நல்லது என்று காரணம் சொல்லிவிட்டு, விமானத்தை அவளிடம் கொடுத்தான். இரண்டு வருஷமாகப் பிடித்த கை திடீரென்று எப்படிச் சின்னதாகிப் போனது என்று நான் கேட்கவில்லை. களத்தின் சுவரில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்து அது தவறி விழ வேண்டும் என்று சேர்வராயனைக் கும்பிட்டேன். அவள் நன்றாகத்தான் விட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

விமானம் இறங்கியதும் அவள் தன் ரோஸ் தாவணியைப் பிரித்துப் பார்த்தாள். முந்தானையெல்லாம் எண்ணெய்ப் புள்ளி.

"ஏனுங்க, இது எண்ணெ இல்லாம ஓடாதுங்களா? எங்கம்மா பாத்தா நொம்ப வைவாங்க" என்றாள்.

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் முகம் வாடிப்போயிற்று. என் கவுன்களுக்கெல்லாம் சேர்த்து ஒருதரம்கூட வாடாத முகம் அது.

அடுத்த ஞாயிறு காலையில் சமையற்கட்டு வாசலில் அவன் எரிபொருள் கலக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். மெத்தனாலை வழக்கம்போல ஊற்றினான். எண்ணெயை ஊற்றும்போது கை பாதியிலேயே நின்றுவிட்டது. மூடியைத் திருகிக் குலுக்க ஆரம்பித்தான். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"எண்ணெ பத்தாதுங்கண்ணா. செத்துப்போயிரும்னு நீங்கதான சொன்னீங்க."

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "உனக்கு வயித்தெரிச்சல் கண்ணு. அந்தப் புள்ள பிடிக்குதுன்னு உனக்குப் பொறுக்கல" என்றான்.

வயிற்றெரிச்சல்தான். இல்லையென்று எந்தக் கோயிலிலும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பொறாமைப்படுகிறவள் சொன்னால் எஞ்சின் சூடாகாமல் இருந்துவிடுமா? என் வாயிலிருந்து வந்த ஒரே காரணத்துக்காக, அவனே சொல்லிக்கொடுத்த பாடம் அவன் காதில் ஏறவில்லை.

அன்றைக்கு எஞ்சின் போட்ட சத்தத்தை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. எண்ணெய் குறைந்ததால் புகையே தெரியவில்லை. குரல் ஏறிக்கொண்டே போய், விசில் மாதிரி கீச்சென்று ஆயிற்று. வசந்தி விட்டதும் விமானம் ஒரு வேகம் எடுத்தது பாருங்கள், லைன் வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிக் கூவினார்கள், அப்பாகூட லாரியைத் துடைப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார். வட்டத்துக்கு வட்டம் வேகம் கூடியது. நான் மட்டும் கைதட்டவில்லை. அந்த நேரத்தில் நான் சொன்னது பொய்யாகிப் போகக் கூடாது என்று நினைத்தேனா, எஞ்சின் பிழைத்தால் போதும் என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்திருப்பேன்.

கீச்சொலி நடுவில் வெட்டினாற்போல நின்றது. முன்னால் சுழன்றுகொண்டிருந்த விசிறி அப்படியே விறைத்துக்கொள்ள, விமானம் கம்பி தொய்ந்து, களத்துச் சிமெண்டில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. இறக்கை ஒடிந்தது பெரிய விஷயமில்லை, அது ஒரு வாரத்து வேலை. அண்ணன் ஓடிப்போய் விசிறியைத் திருப்பிப் பார்த்தான். அது அசையவே இல்லை. எஞ்சினின் மேல்பக்கம் தவிட்டு நிறமாக வெந்து போயிருந்தது. தொட்ட விரலை உதறிவிட்டு, மறுபடியும் தொட்டான்.

வசந்தி மெதுவாக நடந்து வந்தாள். நடந்தது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை, பாவம். தாவணி முந்தியை விரித்துக் காட்டி, "இன்னிக்கு ஒரு பொட்டுக்கூடப் படலீங்க" என்றாள்.

அண்ணன் சிரித்தான். மடியில் வைத்துத் தூக்கி வந்த எஞ்சின் கையில் செத்துக் கிடக்கும்போது, அந்த முந்தியைப் பார்த்து, மனசார, முகமெல்லாம் சிரித்தான். அந்த மாதிரி ஒரு சிரிப்பை அவன் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. நான் வீட்டுக்கு ஓடிப்போய், கறைபட்ட கவுன்களையெல்லாம் கொடியிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தேன்.

அம்மா எண்ணெயைச் சூடாக்கி, அதில் எஞ்சினை ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பார்த்தாள். அப்பா லாரிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அது இளகவே இல்லை. மழைக்காலம் வருவதற்குள் ரைட்டருக்குக் குடகுப் பக்கம் வேறு எஸ்டேட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். வசந்தி என்ன ஆனாள் என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணன் அப்புறம் விமானம் செய்யவில்லை.

அந்தக் களம் இப்போது ஒரு தங்கும் விடுதியின் கார் நிறுத்தம். போன வருஷம் போயிருந்தபோது, விமானம் இடித்த சுவரை உடைத்து வழி பண்ணியிருந்தார்கள். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சேலத்தில் இருக்கிறான். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அண்ணி தங்கமானவள்; கல்யாணமாகி வந்த நாளாக அலமாரியில் இருக்கும் அந்த எஞ்சினைத் தூசி படாமல் துடைத்து வைக்கிறாள். தன் புருஷனுக்குப் பறப்பதில் அவ்வளவு ஆசை இருந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள்.

சென்ற ஆயுத பூஜைக்கு நான் அங்கே இருந்தேன். கத்தி, திருப்புளி, பேரனின் மடிக்கணினி எல்லாவற்றுக்கும் நடுவில் எஞ்சினுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. அண்ணன் வருஷாவருஷம் செய்கிற மாதிரி, கடையில் வாங்கிய விளக்கெண்ணெயில் ஒரு சொட்டை அதன் வாயில் விட்டான்.

"ஏங் கண்ணு, உங்கண்ணன் இத்தன பாசமா வெச்சிருக்காரே, இது எப்படித்தான் நின்னு போச்சு?" என்று அண்ணி என்னைக் கேட்டாள்.

அண்ணன் எண்ணெய்ப் பாட்டிலின் மூடியைத் தேடினான்.

"எண்ணெ பத்தலீங்க அண்ணி" என்றேன்.

"அட, நம்மூட்டுல எண்ணெய்க்கா பஞ்சம்?" என்று அவள் பாட்டிலை வாங்கிச் சாய்த்து, தாராளமாக ஊற்றினாள். எஞ்சின் நிறைந்து, வழிந்து, பூஜைக்கென்று கட்டியிருந்த புதுச் சேலையின் முந்தியில் பெரிதாகப் படர்ந்தது. அண்ணன் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் துணி எடுக்க ஓடினேன்.