கதவைப் பார்த்த நாற்காலி

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கணக்கக்கா முதலில் நாற்காலியைத்தான் திருப்புவார். கதவு கண்ணில் பட வேண்டும். முதுகுக்குப் பின்னால் வாசல் இருந்தால் அவருக்குப் பேச்சே வராது. எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். புள்ளிவிவரத் துறையில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. என்னைவிட வெகு இளையவர், ஆனாலும் கணக்கெடுக்கிறவர் என்பதால் தெருவுக்கே கணக்கக்கா.

காது என்றால் அப்படி ஒரு காது. மூன்றாம் தெருவில் செருப்பைக் கழற்றினால், அது புருஷன் செருப்பா மாமியார் செருப்பா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இரண்டாம் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் அவர் கேட்பது, வீட்டுக்குள் பெண்கள் படும் அடி உதையைப் பற்றி. பெண் தனியாக இருந்தால்தான் கேட்க வேண்டும். யாராவது உள்ளே வந்தால் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவிவிட வேண்டும் என்பது துறையின் விதி. அதற்கென்றே கைக்கருவியில் கொசுத்தொல்லை பற்றிய கேள்விகள் இருக்கின்றன. ஒரு தட்டுத் தட்டினால் திரை மாறிவிடும். பழக்கம் முற்றிப்போய், வீட்டில் சொந்தப் புருஷன் அறைக்குள் நுழைந்தாலும், என்னோடு பேசிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, "வீட்டைச் சுத்தித் தண்ணி தேங்குதா?" என்பார். அந்த அப்பாவி மனிதர் தொட்டியைக் கழுவிக் கழுவியே இளைத்துப்போனார்.

போன வாரம் அக்காவின் முகமே சரியில்லை. துருவித் துருவிக் கேட்டேன். தெருவைச் சொல்லவில்லை, ஆளைச் சொல்லவில்லை, அந்தப் பெண் வாய்விட்டுச் சொன்னது என்ன என்பதையும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார்.

வீட்டிலேயே துணி தைக்கிற பெண். எதைக் கேட்டாலும் தையல் மெஷினை நிறுத்தாமலே "ஒண்ணுமில்ல" என்றவள், திடீரென்று மெஷினை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் காலடி. திரை கொசுவுக்கு மாறியது. உள்ளே வந்த புருஷன் சாவகாசமாக உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னான். அதுவரை சரி. எழுந்திருக்கும்போதுதான் அக்காவின் வாய் காலை வாரிவிட்டது. நிஜக் கேள்விகள் முடிந்ததும் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை, பழக்கதோஷத்தில் அங்கே ஒப்பித்துவிட்டார்.

"நீங்க சொன்னது எதுவும் வெளியில போகாதும்மா. பயப்படாதீங்க."

அவன் சிரிக்கவில்லை. "கொசு கடிக்கிறதுல என்னங்க ரகசியம்?" என்றான்.

அந்தப் பெண்தான் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாளாம்: "நீங்க வர்றதுக்கு முன்னாடி, பாத்ரூம்ல தண்ணி அடைச்சு நிக்குதுன்னு சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தானே அசிங்கம்." அதே மூச்சில் அக்காவைப் பார்த்து, கொசு மருந்து எங்கே தருவார்கள் என்றும் கேட்டிருக்கிறாள். மருந்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. வியாழக்கிழமை காலை, சுகாதார நிலையத்தில் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"நான் உளறினதுக்கு அவ என்ன வாங்கிக் கட்டிக்கிட்டாளோம்மா" என்றார் என்னிடம். திரும்பிப் போய்க் கதவைத் தட்டினால் அவளுக்குத்தான் ஆபத்து.

பாதியில் நின்ற பேட்டி கணக்கில் சேராது, வேண்டுமானால் வேறிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். போன அறிக்கையில் அடி உதை குறைந்துவிட்டதாக வந்தது. குறைந்துவிட்டதே என்று பெண்கள் காப்பகம் ஒன்றை மூடியும் விட்டார்கள். "அடி குறையலம்மா. பேசவிட்ட வீடுதான் குறைஞ்சிருக்கு" என்பார் அக்கா. வியாழன் வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று ரத்த அழுத்த மாத்திரை வாங்க நானும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். வீட்டில் டப்பா நிறைய மாத்திரை இருந்தது என்பது வேறு விஷயம். கடைசி அறையைக் கேட்டு வாங்கி, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் கணக்கக்கா. என்னை அறைக்கு எதிரே இருந்த வெளி பெஞ்சுக்கு விரட்டிவிட்டார். நடையில் கேட்ட ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்தார், உட்கார்ந்தார். கூட்டம் கரைந்தது. தரை துடைக்க வந்த அம்மாள், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டபடியே துடைத்துவிட்டு வாளியோடு போனாள்.

ஈரத்தரையில் வந்த காலடி அந்தக் காதுக்குக்கூடக் கேட்கவில்லை. நிமிர்ந்தால், வாசலில் ஒரு பெண். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. இடது கையை அசைக்காமல் உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். உள்ளே வராமல், நடையையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கணக்கக்கா எழுந்து, கதவைப் பார்த்த தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். எதிர் நாற்காலியை நெருக்கமாக இழுத்து, வாசலுக்கு முதுகைக் காட்டி, யார் எட்டிப் பார்த்தாலும் அவள் தெரியாதபடி அகலமாக உட்கார்ந்துகொண்டார்.