பெருமுக்கல் பாறையில் சட்டை மாட்டிய கதை

பெருமுக்கல் கோயிலுக்குப் போகிறவர்கள் வந்த வழியிலேயே நடந்து இறங்கிவிடுகிறார்கள். நாற்பத்திரண்டு வயதில், இவ்வளவு தொந்தியோடு, பாறையின் பின்பக்கம் கயிற்றில்தான் இறங்குவேன் என்று நின்றவன் அநேகமாக நான் ஒருவன்தான். திண்டிவனத்தில் ரெடிமேட் சட்டை விற்கும் எனக்குள் ஒரு மலையேற்ற வீரன் தூங்குவதாக எனக்கு உறுதியான நம்பிக்கை.

அதற்காக நானும் மனைவியும் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தோம். பெரிய கயிற்றின்மேல் மெல்லிய கயிற்று வளையத்தைச் சுற்றிப் போடும் பிரூசிக் முடிச்சைக் கற்றுத் தந்தார்கள். பாரம் ஏறினால் இறுக்கிப் பிடிக்கும். பாரத்தை எடுத்தால் நகர்த்தலாம். இறங்கும்போது பாதுகாப்புக்கு அதை எப்போதும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது புதியவர்களுக்கான அறிவுரை என்று நான் பெருந்தன்மையாக ஒதுக்கிவிட்டேன். மனைவி முடிச்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பாதிப் பாறை வரை வீரமாகவே இறங்கினேன். பிறகு சட்டையின் கீழ்முனை, இடுப்பில் மாட்டியிருந்த, கயிறு ஓடும் இரும்பு இறங்கு வளையத்துக்குள் கயிற்றோடு சேர்ந்து நுழைந்து இறுகிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. எங்கள் கடைச் சட்டை எளிதில் கிழியாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். உண்மைதான், கிழியவில்லை.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, எறங்கறியா, இல்ல அங்கியே இருக்கப்போறியா?"

யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். உண்மையில் கால் மரத்துப்போயிருந்தது. இடுப்பில் அலங்காரத்துக்குத் தொங்கிய மெல்லிய கயிற்று வளையத்தை எடுத்துத் தலைக்குமேல் கயிற்றில் சுற்றினேன். அதில், தோளில் கிடந்த நீளமான நாடாப் பட்டையை மாட்டிக் கால் வைத்து எழுந்தேன். முடிச்சு சர்ரென்று வழுக்கியது.

மேலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். "எத்தினி சுத்து போட்டீங்க?"

"ரெண்டு."

"மூணு சுத்துங்க. ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம பாத்துக்கோங்க. ஜல்தி வேணாம், மெதுவா பண்ணுங்க."

மூன்று சுற்றினேன். பிடித்தது. பட்டையில் எழுந்து நின்றதும் இறங்கு வளையத்தின்மேல் இருந்த பாரம் தளர்ந்தது. இம்மி இம்மியாகச் சட்டையை உருவி எடுத்தேன். பிறகு முடிச்சை அவிழ்த்து இறங்கித் தரையைத் தொட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து மனைவி இறங்கினாள், சுடிதாரை இழுத்துச் செருகி, பாதுகாப்பு முடிச்சும் போட்டுக்கொண்டு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆட்டுக்கார அம்மா அவளிடம் கேட்டார், "இவருக்கு நீதான் கத்துக் குடுத்தியா?"

"இனிமேதாம்மா" என்றாள்.