கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அடுக்குமல்லி

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். இந்த யுத்த காலத்தில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதிய அடையாள அட்டையோடு, மண் நிரம்பிய பூச்சட்டி ஒன்றைக் கொழும்பின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிறகு கதைப்போம்.

போன காரணம் நாற்றம். போன மாதம் குடிவந்த எங்கள் மாடிவீடு கால்வாய்ப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் சோறு இறங்காது. பால்கனியில் நல்ல வாசமுள்ள பூக்கன்று ஒன்று வைத்தால் வீட்டில் மூச்சுவிடலாம் என்று நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் பிலோமினா அக்கா என்பவர் மொட்டைமாடியில் வாசனைச் செடிகள் வளர்த்து விற்கிறார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

"ஒரு பூக்கண்டுக்காகக் கொட்டாஞ்சேனை போறீரோ? உமக்கென்ன விசரோ?" என்றார் கணவர். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை. பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும் அவருக்கு. எனக்கும் பயம்தான். ஆனாலும் பயந்து பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனை காலம் இருப்பது?

காலை ஒன்பது மணிக்குக் காலி வீதியில் பஸ் ஏறினேன். ஏறியதும் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆளில்லாத பொதி எதுவும் இல்லை. புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ. போகும் வழியில் இரண்டு இடத்தில் சோதனை. கையில் குடையும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும் இருந்ததால் வில்லங்கமில்லை.

பிலோமினா அக்காவின் மாடியில் கால் வைத்ததும் வந்த வாசத்துக்கு, பஸ்ஸில் பட்ட பயமெல்லாம் ஒரு நிமிடம் இல்லாமல் போனது. எல்லாவற்றையும் வாங்க ஆசை. அவர் விடவில்லை. வீடு வெள்ளவத்தை என்றதும் கேட்டார்:

"கடக்கரப் பக்கமா? அப்ப உப்புக்காத்து அடிக்கும். பவளமல்லிக்குத் தரை வேணும் தங்கச்சி, தொட்டியில சரிப்படாது. மனோரஞ்சிதம் கொடி, உங்க பால்கனி தாங்காது. இரவுராணிய மட்டும் படுக்கிற அறைக்கிட்ட வெச்சிராதீங்க, தலைவலியில எழும்புவீங்க. அடுக்குமல்லி கொண்டு போங்க. அரை நாள் வெயில் இருந்தாப் போதும். காத்து அடிச்ச நாள்ல இலையக் கழுவி விடுங்க."

சட்டியோடு முந்நூறு ரூபா. ஆறேழு மொட்டுகள் இருந்தன. மனம் குளிர்ந்துபோய் நின்ற எனக்கு அவர் அன்பாக ஒரு பொலித்தீன் பையையும் தந்தார். செடிக்கு உரம், மாதம் ஒரு சிட்டிகை. நானும் நன்றி சொல்லி, கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சட்டியோடு பஸ் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போவார் என்று தெரியும். அதனால் வீடு வரைக்கும் ஓட்டோ பேசினேன். சாரதி வயதான முஸ்லிம் மனிதர். அண்ணன் முறையில் 'நானா, நானா' என்று அழைத்துக் கதைத்துக்கொண்டு வந்தேன். செடிக்கு என்ன போடுவீர்கள் என்று அவர் கேட்டார்.

"யூரியா தந்திருக்கிறா நானா, பையில கிடக்கு."

ஓட்டோ நின்றது.

"என்ன மிஸ் செல்றீங்க! யூரியாவா? குண்டுக்குப் போடுற சாமானெண்டு அதத்தானே அவனுகள் தேடுறான்! காலிமுகத்திடலுக்கு முன்னுக்கு செக் பொயிண்ட் இருக்கு. உங்களயும் கொண்டு போவான், என்னயும் கொண்டு போவான்."

உரம் உரமாகவே இருந்த ஊரில் வளர்ந்தவள் நான். அது இப்போது என்னவாக இருக்கிறது என்பது ஏன் மண்டையில் ஏறவில்லை? வெளியே வீசலாமென்றால், ஓட்டோவிலிருந்து தமிழ்ப் பெண் பொதி வீசுவதை யாராவது கண்டால் அதைவிட மோசம். திரும்பிப் போகவும் வழியில்லை, பின்னாலும் சோதனைச் சாவடி.

நானா ஒரு சந்துக்குள் திருப்பி நிறுத்தினார். பக்கத் திரையை இறக்கிவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் கண் சட்டியில் போனது. யூரியா தண்ணீரில் சீனி மாதிரிக் கரையும். மாதம் ஒரு சிட்டிகை போட வேண்டியதை முழுவதுமாகக் கொட்டி, போத்தல் தண்ணீரை ஊற்றி, விரலால் குழைத்தேன். பையைக் கழுவிச் சட்டிக்கு அடியில் விரித்தேன். செடி செத்துவிடும் என்று தெரிந்துதான் செய்தேன்.

சாவடியில் இறங்கச் சொன்னார்கள். அட்டையை வாங்கிப் பார்த்த சிப்பாய் ஊரை இரண்டு தரம் வாசித்தான். கொழும்பில் தங்குவதற்கு எங்கள் ஆட்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவைக் காட்டினேன். பிறகு சட்டியில் இரும்புக் கம்பியை இறக்கினான். ஒருதரம், இன்னொருதரம், அடி வரைக்கும். கம்பியில் சேறு மட்டும் வந்தது.

"தண்ணி கூடிப்போச்சு நோனா. வேர் அழுகும்" என்று சிங்களத்தில் சொல்லி, போகச் சொன்னான்.

வீடு வந்து சேர்ந்தோம். கூலி ஐந்நூறு. இறங்கும்போது, "இனிமே சாணகம் போடுங்க மிஸ்" என்றார்.

நீங்களும் செடி வாங்கப் போவதென்றால்: உரம் வேண்டாம். தேயிலைச் சக்கை, மரக்கறி கழுவின தண்ணீர் போதும். சட்டியாக வாங்காமல் நடுவதற்குத் தடி வெட்டி ஈரத்துணியில் சுற்றி வாருங்கள். பொலிஸ் பதிவை மறக்க வேண்டாம். பகலோடு திரும்பிவிடுங்கள். உரம் கூடிவிட்டால், சட்டியின் அடியால் நன்றாக ஓடும்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். நாங்கள் வாளி வாளியாக ஊற்றினோம். அப்படியும் இலையெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. மொட்டு ஒன்றும் விரியவில்லை.

தண்டை நகத்தால் மெல்லக் கீறினால் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியும். உள்ளே பச்சை என்றால் உயிர் உண்டு. முதல் நாள் பச்சை. அடுத்த நாளும் பச்சை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை; காலையில் எழும்பியதும் பல்லுக்கூட விளக்காமல் பால்கனிக்கு ஓடுகிறேன்.

இன்றும் குனிந்து கீறிக்கொண்டிருந்தபோது கணவர் பின்னால் வந்து நின்றார். தண்டு முழுக்கத் தழும்பு.

"விடுமப்பா. உயிரோட இருக்கோ எண்டு ஒவ்வொரு நாளும் இப்பிடிக் கீறினா, ஆர்தான் பிழைக்கிறது?"

நகத்தைப் பார்த்தேன். பச்சை ஒட்டியிருந்தது.