பாறைப் பூண்டுக்கு ஒரு பெயர்

அந்தக் கல்லூரியின் செடி ஆவண அறையில் ஒட்டுக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். காய்ந்த செடியைத் தடித்த தாளில் ஒட்டி, தண்டு பருமனாக இருந்தால் நூல் போட்டுத் தைத்து, மூலையில் சீட்டு எழுதி ஒட்டுவது அந்தம்மாவின் வேலை. செடியின் பெயர், எந்த நோவுக்கு ஆகும், எங்கே பறித்தது, யார் பறித்தது எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். பறித்து வருகிறவர் அவருடைய வீட்டுக்காரர்தான். புருஷன் பறிப்பார், பெண்டாட்டி ஒட்டுவார். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. வீட்டிலும் இதே பேச்சுதான். குழந்தை குட்டி இல்லாத வீட்டில் வேறு என்ன பேசுவது?

ஒருநாள் அந்த மனிதர், ஆள் நடமாட்டமில்லாத கல்குவாரியிலிருந்து ஒரு பூண்டைக் கொண்டுவந்தார். பாறை இடுக்கில், வெயிலே படாத இடத்தில் முளைத்தது. இறங்கும்போது முழங்கையைக் கிழித்துக்கொண்டு, அந்த இலையைக் கசக்கி வைத்துத்தான் ரத்தத்தை நிறுத்தியிருந்தார்.

"வெட்டுக்காயப் பூண்டா?" என்றார் ஒட்டுக்காரம்மா. அது தெருவோரமெல்லாம் முளைத்துக் கிடப்பது. காயத்துக்கு அதைப் பிழிவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"உனக்குக் கண்ணு எங்க இருக்கு? இலை எவ்வளவு அகலம் பாரு! சொரசொரப்பே இல்ல. இது வேற. யாரும் பேர் வைக்காதது!"

பூ இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்று அறைக்குப் பொறுப்பான பேராசிரியர் சொல்லிவிட்டார். பூண்டை ஒரு தாளில் ஒட்டி, பெயர் வைக்காத செடிகளின் அலமாரியில் வைத்தார் ஒட்டுக்காரம்மா. பூவைத் தேடி மழைக்காலத்தில் மறுபடி போனவர்தான். பாசியில் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். உடலைத் தூக்கி வந்தவர்கள் தோள்பையையும் கொடுத்தார்கள். அதற்குள் அந்தப் பூண்டு வேரோடு இருந்தது, பூ மட்டும் இல்லை.

அழுத கண்ணோடு அதைத் தொட்டியில் நட்டு, வெயில் விழும் ஜன்னலில் வைத்தார் ஒட்டுக்காரம்மா. புது இலைகள் சின்னதாய், சொரசொரவென்று வந்தன. இரண்டாம் மாதம் பூத்தும்விட்டது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை. எத்தனையோ தடவை ஒட்டிய பூ. சாட்சாத் வெட்டுக்காயப் பூண்டேதான்! நிழலில் வளர்ந்ததால் இலை அகன்றிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

கிள்ளிக் குப்பையில் போட்டார். அப்புறம் மொட்டு தலைகாட்டினாலே கிள்ளினார். பேராசிரியர் கேட்கும்போதெல்லாம் "இன்னும் பூக்கல சார்" என்று கூசாமல் சொன்னார். பாவம், வேறு என்ன செய்வார்? பெயர் வைக்காத செடிகளின் அலமாரியில் அந்தத் தாள் இருக்கும்வரை, புருஷன் ஏதோ ஒரு காரியத்துக்காகச் செத்ததாக இருக்குமே.

ஒன்றரை வருஷம் கழித்துப் பேராசிரியரே மேசைக்கு வந்தார்.

"அம்மா, அடுத்த மாசம் நான் ஓய்வு. பூ இல்லாமலே புதுச் செடின்னு எழுதிடலாம்னு இருக்கேன். நாலு பேர் திட்டுவாங்க, திட்டட்டும். உங்க வீட்டுக்காரர் பேரையே வச்சிடலாம். சந்தோஷம்தானே?"

ஐயோ, சந்தோஷத்துக்கு என்ன குறை! ஆனால் சீட்டு எழுதப்போவது யார்? ஒரு தடவை இவர் துத்திச் செடிக்கு வேறு பெயரை எழுதிவிட்டதற்காக மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அவர். அவருடைய பெயரை வைத்தே ஒரு பொய்யை ஒட்டுவதா?

"பூத்துச்சு சார்" என்றார். "நான்தான் கிள்ளிப் போட்டேன். வெறும் வெட்டுக்காயப் பூண்டு சார்."

பேராசிரியர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எனக்கும் அன்னைக்கே சந்தேகம்மா. நான் வாயத் திறந்து சொல்லியிருந்தா அவர் போயிருக்க மாட்டார். அந்த உறுத்தல்லதான் பேர் வைக்கலாம்னு வந்தேன்."

"நான் சொன்னேனே சார். என் பேச்ச எங்க கேட்டார்?"

ஒட்டுக்காரம்மா அந்தத் தாளிலிருந்த பழைய சீட்டைப் பிரித்தெடுத்து, நிறுத்தி நிதானமாகப் புதுச் சீட்டு எழுதினார். வெட்டுக்காயப் பூண்டுக் கட்டுக்குள் ஏற்கெனவே பன்னிரண்டு தாள் இருந்தது, அத்தனையும் வீட்டுக்காரர் தெருவோரம் பறித்தவை. பதின்மூன்றாவதாக இதை வைத்தார். "இதுக்காங்க போனீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டார். அறையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.