என் சேனலில் ஓடிய விளையாட்டு

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் தொடங்கியதும் போனை எடுத்து லைவ் போடுவேன். கூடை என்ன விலை, லோடு எவ்வளவு வந்திருக்கிறது, நாளைக்குப் பறிக்கலாமா வேண்டாமா, அவ்வளவுதான் என் சேனல். எங்கள் காயை விற்கப் போகிற இடத்தில் சும்மா நிற்பானேன் என்று ஆரம்பித்தது. பிறகு ஊர் ஊராகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சேனலில்தான் என் வீட்டுக்காரர் மதியத்தில் கம்ப்யூட்டர் கேம் ஆடி லைவ் விட்டார். தனியாகத் தொடங்கினால் ஈ காக்கை எட்டிப் பார்க்காதாம். என்னுடையதில் கூட்டம் இருக்கிறதாம்.

"இது பிரைவேட் சர்வரு. கம்பெனி எப்பவோ மூடிட்ட பழைய கேமு. வெளியாளு ஒருத்தன் நடத்தறான்" என்றார்.

எனக்குத் தெரிந்த சர்வர், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தோசை வைப்பவர் மட்டும்தான். ஆனாலும் விஷயம் உறைத்தது.

"அடுத்தவன் கேம அவனக் கேக்காம ஒருத்தன் நடத்தறான். அத நீங்க ஊருக்கே போட்டுக் காட்டறீங்க. கம்பெனிக்காரன் சும்மா வுடுவானாங்க?"

"அட, எத்தினியோ பேரு போடறாங்க. ஒனக்கு ஒன்னுந் தெரியாது."

எனக்குத்தான் தெரியாது, அவருக்காவது தெரிந்திருக்கலாம். கம்பெனியின் முதல் புகார் வந்ததும், என்னிடம் மூச்சு விடாமல் அந்த வீடியோவை அழித்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்திருக்கிறார். வீடியோவை அழித்தாலும் புகார் அப்படியே நிற்கும்; மூன்று சேர்ந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். இரண்டாவதுக்கும் அதையே செய்தார். மூன்றாவது வந்த காலையில், மண்டியில் நான் போனைத் திறந்தால் சேனலே இல்லை.

அங்கிருந்தே போன் போட்டுக் கத்தினேன். மண்டியே திரும்பிப் பார்த்தது, எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. அவர் கேம் கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிப் பார்த்தார். முடியாது என்று ஒரே வரியில் பதில். வேறு பெயரில் தொடங்கினாலும் மூடிவிடுவார்களாம். சர்வர் நடத்தியவனோ பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் ஜாம் ஜாம் என்று நடத்துகிறான். சேனல் போய்விட்டது என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு அந்தச் சேனலைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த வாரக் கடைசியில் மண்டியில் ஓர் அக்கா என் பேச்சைக் கேட்டுவிட்டு அருகில் வந்தார். பொம்மிடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்.

"வெலை சொல்ற பொண்ணு நீதான? கொரலு தெரியுது. ஏம்மா, இத்தினி நாளா ஒன்னக் காணமே? வெலை அடியோட போயிருச்சி, சொல்றதுக்கு ஒன்னுமில்லன்னு வாய மூடிக்கிட்டன்னு நெனச்சன். பறிக்க ஆளே வுடல. பாதிக்கு மேல செடியிலயே பழுத்துக் கொட்டிப் போச்சி. மிச்சத்த அள்ளிட்டு வந்தன்."

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் பின்னால் ஏலக்காரர் விலையைக் கூவினார். நல்ல விலை. அக்கா திரும்பிப் பார்த்தார்.

"எப்பலேர்ந்தும்மா இந்த வெலை?"



"வாரம் பூராவும் இதாங்க்கா" என்றேன்.