பல் இருக்கிறது, பதம் தெரியவில்லை

போன வாரம் ஒரு மத்தியானம். குப்பனூர்ப் பக்கமிருந்து மேகம் ஏறி வருகிறது. களத்தில் எங்கள் தோட்டத்துக் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருக்கிறது. மூட்டை கட்டுவதா, இன்னொரு நாள் விடுவதா?

ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடிக்கும். நனைந்தாலும் அதே கதி. வருடம் முழுக்கப் பாடுபட்டதெல்லாம் அந்தக் களத்தில்தான் கிடக்கிறது.

ஒரு கொட்டையை எடுத்துத் தோலை உரித்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பேன். பல் பதிந்தால் ஈரம். 'டக்'கென்று தெறித்தால் காய்ந்துவிட்டது. இவ்வளவுதான் கணக்கு.

கடித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்று... ம்ஹூம். எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ கடித்த மாதிரி இருந்தது.

போன அறுவடை வரை அங்கே சொந்தப் பல் இருந்தது. அது போன பிறகு சேலத்தில் இம்ப்ளான்ட் வைத்தார்கள். தாடை எலும்பில் ஸ்க்ரூவை இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும் வரை மாதக்கணக்கில் காக்க வைத்து, மேலே பல்லை மாட்டினார்கள். முறுக்கே கடிக்கிறது. ஆனால் இது?

போனில் பேசவே கூச்சப்படுகிறவன் நான். வேறு வழியில்லை, பல் வைத்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"வலிக்குதா சார்?"

"இல்லீங்க."

"ஆடுதா?"

"இல்லீங்க. கடிச்சா ஒண்ணுமே தெரியலீங்க. அதானுங்க பிரச்னை."

"சொந்தப் பல்லு வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும் சார். அழுத்தத்தை அதுதான் உணரும். ஸ்க்ரூவுக்கு அது கிடையாது. அன்னிக்கே சொன்னேனே?"

சொல்லியிருப்பார். புரியாவிட்டாலும் தலையாட்டுவது என் வழக்கம்.

"அது சரி, எதைக் கடிக்கறீங்க?"

சொன்னேன்.

"காபிக்கொட்டையா? ஐயோ, பல்லு உடைஞ்சிரும் சார்!"

போனை வைத்தேன். மறுபக்கம் கடைவாய்ப் பல்லே கிடையாது. முன்பல்லில் கடித்துப் பார்த்தேன் - அது ஆடியது. களத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வானத்தைப் பார்த்தேன். மறுபடி கொட்டையைப் பார்த்தேன்...

என் மனைவி சரசு தார்ப்பாயோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, கட்டறதா, மூடறதா?"

"இரு சரசு, பாக்கறேன்."

"அந்தப் பல்லுல என்னத்தப் பாப்பீங்க? வெலைக்கு வாங்குன பல்லு, அதுக்கென்ன களத்தப் பத்தித் தெரியும்? இங்க குடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து களத்தில் கிளறுவது அவள், கடிப்பது நான். கொடுத்தேன். கடித்தாள்.

"இன்னும் ஒரு வெயிலு வேணுமுங்க. மூடுங்க."

மூடினோம். மழை தூறலோடு போய்விட்டது. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. அவள் சொன்னது தப்பாக இருந்தால்? தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

மறுநாள் நல்ல வெயில். சாயங்காலம் சரசு மறுபடி கடித்தாள். 'டக்' சத்தம் எனக்கே கேட்டது. மூட்டை கட்டி, இருவருமாக ஒண்டிக்கடை ஊரில் வழக்கமாக வாங்கும் காபி வியாபாரியிடம் கொண்டுபோனோம்.

அவர் ஒரு கைப்பிடி அள்ளி, ஈரம் பார்க்கும் மெஷினில் போட்டார். மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சரசுவைப் பார்த்தேன்.

"பரவாயில்லீங்களே! இந்த வருசம் பதம் நொம்ப நல்லா இருக்குதுங்க."

அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

"இந்த வருசமுங்களா?"

வியாபாரி தலையைச் சொறிந்தார். "எப்பவும் கொஞ்சம் ஈரமாத்தானுங்க கொண்டாருவீங்க. நாந்தான் திரும்பக் காயப்போட்டுக்குவேன். கூச்சப்படற ஆளு, எதுக்குச் சொல்லோணும்னு உட்டுட்டேன்."

பக்கத்தில் சரசு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து புதுப் பல்லை நான் குறை சொல்வதில்லை.