பாதியில் நின்ற ஏழாவது பாட்டு

இசை தெரிந்தவர்கள் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வாங்க மாட்டார்களாம். ஒரு குழு வருடக்கணக்கில் உழைத்துப் போட்ட இசைத்தட்டுகளை விட்டுவிட்டு, எடுபட்ட பாட்டுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த தட்டை வாங்குகிறவன் கல்யாணத்துக்குப் போய்ப் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு வருகிறவன் என்று எங்கள் சுரங்கத்து எஞ்சினீயர் சொல்வார். சொல்லட்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூருக்கு அந்தப் பாயசம் வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

என்னிடம் இருந்தது அப்படிப்பட்ட தட்டுதான். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, ரேடியோவும் ரெக்கார்டு ப்ளேயரும் டேப்பும் சேர்ந்த த்ரீ இன் ஒன் செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். செட்டோடு கடைக்காரன் இனாமாகப் போட்டுக் கொடுத்த தட்டு அது. அட்டையில் நான்கு வெள்ளைக்காரர்கள் முடியை வளர்த்துக்கொண்டு முறைப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பாட்டு. அவர்கள் ஆயுசில் பாடியதே அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் ஆள் வருகையைக் குறிக்கும் வேலை எனக்கு. பக்கத்து மேசைக்காரன் விக்கிரமங்கலத்திலிருந்து வருவான். அவன் அம்மா எங்கள் பெரியப்பா வயலில் நடவு நட்டவர். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். எங்களுக்குள் வாடா போடா பழக்கம். ஆனால் ரயிலடிப் பக்கம் நான் எடுத்திருந்த அறைக்கு மட்டும் அவனைக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி என்று சொல்லிவைத்திருந்தேன். பாவம், அந்த அம்மா யாரையும் எதுவும் கேட்டதில்லை.

அறைக்கு வந்து தட்டைக் கேட்க வழியில்லாததால் அவன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு பக்கத்தில் அவன் அப்பாவுக்குப் பிடித்த நாதஸ்வரம் இருந்தது, அதை அழிக்கக் கூடாது. மறுபக்கம் அரை மணி நேரம். ஆறு பாட்டு முழுசாக ஏறியது. ஏழாவது பாட்டு உச்சிக்குப் போகிற இடத்தில் டேப் தீர்ந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் அவ்வளவும் அவன் தொண்டைக்குள் போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடுவான், மற்றவர்கள் டிபன் பாக்ஸைக் கழுவாமல் நின்று கேட்பார்கள். தட்டு என்னுடையது, பாட்டு அவனுடையது. எனக்கு வயிறு எரிந்தது. நான் பாடினால் என் அம்மாகூட எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் கேட்டான். "ஏன்டா, அந்த ஏழாவது பாட்டு மேல போயி பட்டுனு நின்னுடுது. டேப்பு தீந்துடுச்சா, இல்ல பாட்டே அப்டித்தானா?"

"பாட்டே அப்டித்தான்டா. அங்க கொண்டுபோயி அறுக்கிறதுதான் அதுல விசேஷம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு இனிப்பாக இருந்தது.

அந்த வருடம்தான் எஞ்சினீயர் புதிதாக வந்து ஆபீஸர்கள் கிளப்பில் ஒரு பாட்டுக் குழு சேர்த்தார். எங்களைப் போன்றவர்கள் அந்தக் கிளப்பின் வராந்தாவோடு சரி. குழுவில் சேர்ந்தால் உள்ளே போகலாம், ஆபீஸர்களோடு உட்காரலாம். அவன் பாடுவதைக் கேள்விப்பட்டு, "ஆண்டு விழாவில் ஒரு பாட்டுப் பாடு, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏழாவதத்தான் பாடப் போறேன்" என்றான் என்னிடம். "மத்ததெல்லாம் தேஞ்சு தேஞ்சு முடியுது. இது ஒண்ணுதான் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிது."

விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அதற்குப் பதில், நிறுத்தியதும் கையைக் கூப்பு, அசையாமல் நில், அப்போதுதான் எடுபடும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவனும் அப்படியே பழகினான்.

விழாவுக்கு அவன் அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். அவன் நன்றாகப் பாடினான். எஞ்சினீயர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். குரல் ஏறிக்கொண்டே போய், ஒரு வார்த்தையின் நடுவில் நின்றது. கையைக் கூப்பினான்.

கூடம் காத்திருந்தது. அவன் அசையவில்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எஞ்சினீயரின் மனைவி உட்கார்ந்தபடியே விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடினார். ஆபீஸர்களும் சேர்ந்துகொண்டார்கள். கை தட்டி, சிரித்து, மிச்சப் பாட்டை முடிவு வரை பாடித் தீர்த்தார்கள். அதில் நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். கூப்பிய கையோடு அவன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

கீழே இறங்கியதும் எஞ்சினீயர் அவனை நிறுத்தினார். "யாருப்பா உனக்குப் பாதிப் பாட்டச் சொல்லிக் குடுத்தது?" பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். தட்டு வைத்திருப்பதைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே பீற்றியிருந்தேன். "ரெக்கார்டு உன்னோடதுதானே? நீ சொல்லலையா?"

"சொன்னேன் சார். டேப்பு தீந்துடுச்சு, மிச்சம் இருக்குன்னு அப்பவே சொன்னேன். இவன்தான் கேக்கல."

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு அவரிடம், "ஆமா சார். சொன்னாரு. நான்தான் கேக்கல" என்றான்.

எஞ்சினீயர் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு கிளப்புக்கு வா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் அவன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள பாடறப்ப சபையே கூடச் சேந்து பாடுச்சு, பாத்தீங்களா? நீங்கதான் பாட்டெல்லாம் புடிச்சுக் குடுத்தீங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். நல்லா இருக்கணும் சாமி."

அவன், "வாம்மா, பஸ்ஸு போயிடும்" என்று மட்டும் சொல்லி, என் கையிலிருந்து அம்மாவின் கையை எடுத்துவிட்டு அழைத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை நான் தட்டோடு கிளப்புக்குப் போனேன்.